அதே இடத்தில் நின்று ஒரு படம்

நம்மில் பலருடைய வீட்டுப் பெட்டியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். தோட்டப்பள்ளியின் படிகளில் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். பின்னால் தகரக் கூரையும் இரண்டு சன்னல்களும் தெரியும். "இது எங்கே, தாத்தா?" என்று பேரப்பிள்ளை கேட்டால், "பழைய ஸ்டோருக்குப் பக்கத்தில்" என்போம். ஸ்டோரே இல்லாதபோது பிள்ளை எதைக் கண்டு இடத்தை அறியும்? அதே இடத்தில் நின்று மறுபடியும் ஒரு படம் எடுத்தால் என்ன பயன்? இன்று அதைச் சிந்திப்போம்.

மதுரைக்குச் சென்று வருவோம். சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர், 1858இல் திருமலை நாயக்கர் மகாலைப் படமெடுத்தார். பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த அந்த அரண்மனை அப்போது சிதைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில் அதைப் பழுது பார்த்தார்கள். டிரைப்பின் படத்தோடு இன்று அதே முற்றத்தில் நிற்பவர், பழையது எது, பிறகு சீர்செய்யப்பட்டது எது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு படம் நினைவு. இரண்டு படங்கள் சாட்சி.

அக்காலத்துக் காகித நெகடிவில் உருவம் பதிய நெடுநேரம் ஆகும். நடமாடும் மனிதர் அதில் பதியமாட்டார். அங்கே கட்டடம் நின்றது, மனிதர் மறைந்தனர். நமக்கோ நேர்மாறு. படத்தில் நம் மனிதர் இருக்கிறார்கள். கட்டடம்தான் மறைந்து வருகிறது.

1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. குடும்பங்கள் நிலைகுலைவதைக் கண்டே, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் பால்மரக் காடுகள் பல செம்பனையாக மாறின. லயத்து வீடும் ஆயாக் கொட்டகையும் பெரட்டுக்களமும் ஒவ்வொன்றாகப் போயின. அரண்மனையைப் படமெடுக்க அரசாங்கம் ஆள் அனுப்பியது. லயத்தைப் படமெடுக்க நாம்தான் போக வேண்டும்.

எப்படிப் போவது? பழைய படத்தையும் ஒரு கைத்தொலைபேசியையும் எடுத்துக்கொள்வோம். மரத்தை அடையாளமாக நம்ப வேண்டாம், பால்மரம் வெட்டப்பட்டிருக்கும். கோயில், கிணறு, சிமிந்திப் படி, சாலை வளைவு ஆகியவற்றைத் தேடுவோம். அருகிலுள்ள தூணும் தொலைவிலுள்ள சன்னலும் படத்தில் எப்படி ஒன்றை ஒன்று மறைக்கின்றனவோ, அப்படித் தெரியும் வரை இடமும் வலமும் நகர்வோம். பிறகு முன்னும் பின்னும் நடந்து பார்ப்போம். கருவியைத் திருகிப் பெரிதாக்குவதால் நிற்கும் இடம் மாறிவிடாது. கால்தான் நடக்க வேண்டும்.

நிழலும் துணை செய்யும். நம் ஆயர் ஈத்தாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் இருக்கிறது. ஆகவே சூன் மாதத்து நண்பகல் நிழல் தெற்கே விழும். திசம்பரில் வடக்கே விழும். கட்டடம் எத்திசை நோக்கியது என்று தெரிந்தால், நண்பகலில் எடுத்த படம் ஆண்டின் எந்தப் பகுதியில் எடுக்கப்பட்டது என்பதையும் ஊகிக்கலாம்.

கட்டடம் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டுமா? வேண்டாம். அந்த வெற்றிடத்தையே படமெடுப்போம். பக்கத்தில் அங்கே படித்த ஒரு பாட்டியை நிற்க வைப்போம். படத்தின் பின்புறம் தோட்டத்தின் பெயர், ஆண்டு, நின்றவர் பெயர் மூன்றையும் எழுதுவோம்.

ஆயர் ஈத்தாம் சந்தியில் இன்றும் யோங் பெங், ஜொகூர் பாரு, பத்து பகாட், குளுவாங் சாலைகள் கூடுகின்றன. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தபின், தொலைதூர வண்டிகள் பலவும் ஊருக்குள் வராமலே போகின்றன. ஆனாலும் நெடுஞ்சாலையில் விரையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரலாறு நம் பெட்டிக்குள் இருக்கிறது. பெரியவர்கள் இடத்தைக் காட்டக்கூடிய காலத்திலேயே, வரும் விடுமுறையில் அவர்களை அழைத்துக்கொண்டு புறப்படுவோம்.