மண்வெட்டிக்காரர் எடுத்த கொந்தராத்து

அரசாங்க வேலையென்றால் கொந்தராத்துக்காரர் நடுவே நிற்பார் என்பது நமக்குப் பழகிப்போன செய்தி. அவரை விலக்கிவிட்டுக் கூலியாளர் தாமே அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்ட வரலாறு இத்தாலியில் உண்டு.

கால்வாய் வெட்டியும் சதுப்பு நிலம் மீட்டும் வயிறு வளர்த்த ரவென்னாப் பகுதி நாட்கூலிகள், நுல்லோ பால்தினி முதலிய இளைஞரின் முயற்சியால் 1883இல் கூட்டுறவுச் சங்கமொன்றை அமைத்தனர். மறு ஆண்டு ஏறத்தாழ 500 பேர் உரோமாபுரிக்கு அருகேயுள்ள ஒஸ்தியாச் சதுப்பை வடிக்கச் சென்றனர். அவ்வேலையும் பெருங் கொந்தராத்துக்காரரிடமிருந்தே கைமாறிக் கிடைத்தது. மலேரியா அவர்களுட் பலரைக் கொண்டுபோயிற்று.

நேரே வேலை பெறுவதற்கு என்ன தடை? கேள்விப்பத்திரத்தோடு கட்டவேண்டிய பிணைப்பணந்தான். அன்றாடங்காய்ச்சியிடம் அது ஏது?

1889ஆம் ஆண்டுச் சட்டம் இம்முடிச்சை அவிழ்த்தது. உழைப்பே பெரும்பங்காயுள்ள வேலைகளை, 100,000 லீராவுக்கு மேற்படாதவிடத்து, பகிரங்கப் போட்டியின்றியே இத்தகைய சங்கங்களுக்குக் கொடுக்கலாமென்றாயிற்று. பிணைப்பணம் முன்கூட்டிக் கட்டவேண்டியதில்லை. வேலை நடக்க நடக்கக் கொடுக்கும் பணத்திற் பத்திலொரு பங்கை அரசாங்கமே பிடித்துவைத்துக்கொள்ளும். கணக்கர் எழுதும் ஒரு விதி எத்துணை வாயில்களைத் திறக்கவும் அடைக்கவும் வல்லது, பாருங்கள்! ஆளுவோர் இதனைக் கருணையால் வழங்கினர் என்று நாம் நம்புவதற்கில்லை. 1880களிற் போ ஆற்றுச் சமவெளியில் மூண்ட வேளாண் கூலிகளின் வேலைநிறுத்தங்கள் அவர்களை நடுங்கவைத்திருந்தன.

அதன்பின் சங்கங்கள் பெருகின. பல சங்கங்கள் கூடிப் பெருவேலைகளையும் ஏற்றன. 1922 யூலையில் இத்தாலோ பால்போ தலைமையில் வந்த பாசிஸ்டுக் குண்டர்கள் ரவென்னாக் கூட்டுறவுகளின் தலைமை மாளிகைக்குத் தீவைத்தனர். அக்குண்டர் படைகளுக்குப் பணம் கொடுத்துவந்தோருட் பெருநிலக்காரர் முன்னின்றனர்.