தலைக்கு மேல் தொங்கும் சுமை: மேடைத் தூக்கிகளின் பாதுகாப்புக் கலைச்சொற்கள்

தொழிற்சாலையில் இயங்கும் மின்சங்கிலித் தூக்கிக்கும் அரங்க மேடையில் இயங்கும் தூக்கிக்கும் எந்திர அமைப்பில் வேறுபாடு மிகுதியில்லை. மோட்டார், சங்கிலி, பிரேக், கொக்கி ஆகியவை இரண்டிற்கும் பொது. வேறுபடுவது மனிதர் நிற்கும் இடமே. தொங்கும் சுமையின் கீழ் எவரும் நிற்கலாகாது என்பது தொழிற்சாலையின் அடிப்படை விதி. நடிகரோ விளக்குச் சட்டகத்தின் கீழ்தான் நின்றாக வேண்டும். இம்முரண் பாதுகாப்புச் சொற்களை எவ்வாறு வடிவமைத்தது என்பதைச் செருமனியை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

1970களில் ராக் இசைச் சுற்றுப்பயணங்கள் பெருகியபோது, தொழிற்சாலைத் தூக்கி தலைகீழாக மேடையேறியது. கொக்கி கூரைக்குச் சென்றது. மோட்டார் கீழே தங்கித் தன் சங்கிலியின் வழியே தானே ஏறியது. கனத்த மோட்டாரை உத்தரம் வரை சுமக்கும் வேலை இதனால் ஒழிந்தது.

செருமானிய விபத்துக் காப்பீட்டுக் கழகங்களின் விதித்தொகுப்பில் தூக்கும் கருவிகளுக்கு ஓர் எண்ணும் மேடைகளுக்கு வேறோர் எண்ணும் இருந்தன: முன்பு வி.பி.ஜி. 8, வி.பி.ஜி. 70, பின்பு பி.ஜி.வி. டி8, பி.ஜி.வி. சி1. மேடைத் தொழிலாளர் இவ்விதி எண்களையே கருவிகளின் பெயர்களாக்கினர். ‘டி8’ தூக்கியின் கீழ் மனிதர் நிற்பதாயின், சுமையை உயர்த்திய பின் தனிப் பாதுகாப்புக் கம்பியால் பிணைக்க வேண்டும். ‘சி1’ தூக்கி மனிதர் தலைக்கு மேலாகச் சுமையை நகர்த்தவே உரியது. இவற்றிற்கு இடைப்பட்டது ‘டி8 பிளஸ்’: அசையாது நிற்கும் சுமையைத் துணைக்கம்பியின்றியே தலைக்கு மேல் தாங்குவது. இரட்டை பிரேக்கும் கூடுதல் வலிமை ஒதுக்கீடும் அதற்கு அடிப்படை. ‘பிளஸ்’ என்னும் ஒட்டு விபத்துத் தடுப்பு விதியிலிருந்து வந்ததன்று. தொழில்துறையினர் தாமே வகுத்த தர வழிகாட்டியில் பிறந்தது. சட்டம் விட்ட இடைவெளியைத் தொழிலாளர் வழக்கு நிரப்பியது என்றே இதனைக் கொள்ளலாம்.

2014 மே 1 அன்று விதித்தொகுப்பு முழுவதும் மறு எண்ணிடப்பட்டது. டி8 என்பது 54ஆம் விதியாயிற்று. சி1 என்பது 17ஆம் விதியாயிற்று. ஆயினும் ‘ஐம்பத்துநான்கு தூக்கி’ என்று எவரும் வழங்குவதில்லை. மூலவிதியின் எண் மறைந்த பின்னும் பெயர் வாழ்கிறது. மேடை எந்திரங்களுக்கென 2020இல் வெளிவந்த ஐரோப்பியத் தரம் இ.என். 17206கூட இவ்வழக்கை அகற்றவில்லை.

ஆங்கில மரபில் பூசல் வேறொரு சொல்லைப் பற்றியது. ‘பாதுகாப்பான பணிச்சுமை’ என்னும் பழைய தொடரில் ‘பாதுகாப்பான’ என்ற அடை உறுதிமொழி போல ஒலித்தது. சட்டப் பொறுப்பையும் ஈர்த்தது. எனவே தர ஆவணங்கள் பலவும் ‘பணிச்சுமை வரம்பு’ என்பதற்கு மாறின. வரம்பை வகுப்பவர் உற்பத்தியாளர். குறிப்பிட்ட சூழலில் அதனினும் குறைவாக ஏற்றும்படி வரையறுப்பவர் தகுதியுடைய வல்லுநர். இரண்டையும் தமிழில் ‘சுமைத்திறன்’ என ஒரே சொல்லால் பெயர்த்தால், யார் பொறுப்பு என்னும் கேள்வியே மறைந்துவிடும். கலைச்சொல்லாக்கத்தில் இது சிறு பிழையன்று.

இம்மாற்றமும் முழுமை பெறவில்லை. தூக்கும் கருவிகளுக்கான பிரித்தானியாவின் 1998ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், கருவியின் மேல் ‘பாதுகாப்பான பணிச்சுமை’யையே பொறிக்கப் பணிக்கின்றன.