துளசிதாஸ் பலராம்: பழைய போலீஸ் பூட்ஸிலிருந்து ரோம் வரை

சுந்தரபாண்டியபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சூரியகாந்தித் தோட்டமும் சினிமா ஷூட்டிங்கும்தான் நினைவுக்கு வரும். நான் அங்கே போவது மாலை நேர வகுப்பு எடுக்க. வகுப்பு முடிந்ததும் பையன்கள் அறுவடை முடிந்த வயலில் பந்து உதைப்பார்கள். போன வாரம் ஒருவன் எம்பாப்பே பெயர் போட்ட பனியனோடு வந்தான். காலில் ஒன்றுமில்லை. "இந்தப் பிரான்ஸ்காரங்களோட நம்மாளுங்க யாராச்சும் ஆடியிருக்காங்களாக்கா?" என்று கேட்டான்.

ஆடியிருக்கிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் பிரான்ஸை எதிர்த்து ஆடினார்கள். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 2-1 என்று தோற்றோம். நம் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அதே பிரான்ஸோடு 1-1 என்று சமன் செய்தோம். அந்த ரோம் அணியில் இருந்த ஒருவரைப் பற்றித்தான் அன்று பையன்களிடம் சொன்னேன்.

துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் பக்கம் அம்முகுடா என்ற கிராமத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். வீட்டில் வறுமை. பந்தாடப் பூட்ஸ் வாங்க வழியில்லை. கழித்துப்போட்ட பழைய போலீஸ் பூட்ஸைச் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் கொடுத்து, கால்பந்துக் காலணியாக மாற்றித் தைத்து வாங்கியிருக்கிறார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இதை ஒரு சுவாரசியமான துணுக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்குக் கடக்க முடியவில்லை. தோலைத் தொட்டால் தீட்டு என்ற நாட்டில், தோல் பந்தையும் தோல் காலணியையும் தைத்துக் கொடுத்தவர்கள் யார்? அந்தக் கை இல்லாவிட்டால் பலராமின் கால் எங்கே போயிருக்கும்?

அவரைக் கண்டெடுத்தவர் ஹைதராபாத் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். பயிற்சிக்கு வா என்றதற்கு, அவ்வளவு தூரம் வந்துபோகக் காசில்லை என்றிருக்கிறார் பலராம். வாடகை சைக்கிளுக்குப் பணம் கொடுத்து வரவழைத்தார் ரஹீம். 1956 மெல்போர்னில் நான்காம் இடம் பிடித்த இந்திய அணியில் பலராமும் இருந்தார். ரோமில், பின்னர் வெண்கலம் வென்ற ஹங்கேரிக்கு எதிராக 2-1 என்று தோற்ற ஆட்டத்தில் நமக்கான கோல் அவருடையது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தித் தங்கம். அந்த ஆண்டே அர்ஜுனா விருது. கிளப் என்று பார்த்தால் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். 1961இல் அதன் கேப்டன். சோறு போட்டது மட்டும் ரயில்வே வேலை.

இதே காலத்தில் பிரான்ஸில் ரேமோன் கோப்பா என்றொருவர் இருந்தார். போலந்திலிருந்து குடியேறிய சுரங்கத் தொழிலாளர் குடும்பம். 14 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அங்கே நடந்த விபத்தில் விரலை இழந்தவர். 1958இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப்பந்து விருது வாங்கினார். அதோடு அடங்கிப்போகவில்லை. ஆட்டக்காரர்களைக் கிளப்புகள் அடிமைகள்போல வைத்திருக்கின்றன என்று 1963இல் வெளிப்படையாகப் பேசினார், நடவடிக்கைக்கு ஆளானார். ஆனால் அவரோடு நிற்க ஆட்டக்காரர் சங்கம் ஒன்று இருந்தது. ஒப்பந்த முறையும் 1969இல் மாறியது. நம் ஆட்டக்காரர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அதே 1963இல் பலராம் நுரையீரல் நோயால் ஆட்டத்தையே விட்டார். முப்பது வயதுகூட ஆகவில்லை.

நம் பிள்ளைகளிடம் யாராவது 'தகுதி, திறமை' என்று பாடம் எடுக்க வந்தால் பலராமைப் பற்றிக் கேளுங்கள். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூன்று பெயரையும் சேர்த்தே சொல்வது அந்தக் காலத்து வழக்கம். கோஸ்வாமிக்கு 1983இல் பத்மஸ்ரீ, பானர்ஜிக்கு 1990இல். இருவருமே அதற்குத் தகுதியானவர்கள், அதில் சந்தேகமில்லை. மூன்றாமவருக்குக் கடைசி வரை வரவில்லை. அந்த வருத்தத்தை அவர் மறைத்ததும் இல்லை. இதைச் சாதிக் கணக்கில் மட்டும் எழுதிவிட நான் துணியமாட்டேன். ஆனால் நம் நாட்டில் ஒரு விருதுக்குக் கோல்கள் மட்டும் போதாது. டெல்லியில் பெயரை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அம்முகுடாவிலிருந்து வந்தவருக்கு அப்படி யார் இருந்தார்கள்?

கல்யாணம் செய்துகொள்ளாமல், கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் வாழ்ந்தார். 2023 பிப்ரவரி 16 அன்று இறந்தார். ரஹீமின் கதையைச் சொல்லும் 'மைதான்' படத்தில் பலராமும் ஒரு பாத்திரம். அது 2024 ஏப்ரலில்தான் வெளியானது. எங்கள் பையன்களில் இரண்டு பேர் அதை மொபைலில் பார்த்திருக்கிறார்கள். பலராம் தமிழ் பேசும் வீட்டுப்பிள்ளை என்றதும், "இதை ஏன்க்கா முதல்லயே சொல்லல?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார்கள்.