நிரலாளரின் விரல்களும் விசைப்பலகையின் கதையும்

கணினி வாங்கப் போகிறவர்கள் பிராசசர் என்ன, ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று நூறு கேள்வி கேட்பார்கள். கீபோர்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பெட்டியோடு வந்தது போதும்! ஆனால் நிரல் எழுதுபவரின் விரல்கள் நாள் முழுவதும் தொடுவது அந்த ஒன்றைத்தான். அது பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் நல்ல உதாரணங்கள் உண்டு.

இன்றைய விசைப்பலகையின் தாத்தா தட்டச்சுப் பொறி. அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஷோல்ஸ் 1868ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1874ல் துப்பாக்கி தயாரித்து வந்த ரெமிங்டன் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. விசைகளுக்குக் கீழே இரும்பு நெம்புகோல்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் போக வேண்டும். அதனால் ஒவ்வொரு வரிசையும் சற்றுத் தள்ளி அமைந்தது. இன்று நெம்புகோலும் இல்லை, இரும்பும் இல்லை. ஆனாலும் அந்தச் சாய்ந்த வரிசை அப்படியே இருக்கிறது! 1936ல் ஆகஸ்ட் டிவோராக் என்ற பேராசிரியர் விரல்கள் குறைவாக அலையும்படி வேறொரு எழுத்து வரிசைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் பழகிய கைகளை மாற்ற உலகம் தயாராக இல்லை.

நிரலாளர்களின் தேவை தட்டச்சர்களின் தேவையிலிருந்து வேறுபட்டது. கடிதம் அடிப்பவருக்கு எழுத்துகள் போதும். நிரலாளருக்கு அடைப்புக்குறிகள், அரைப்புள்ளி, எஸ்கேப், கண்ட்ரோல் எல்லாம் ஓயாமல் வேண்டும். 1976ல் வந்த ஏ.டி.எம்.-3ஏ என்ற முனையத்தில் கண்ட்ரோல் விசை 'ஏ' எழுத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அம்புக்குறிகளும் ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அச்சாகியிருந்தன. பில் ஜாய் 'விஐ' எடிட்டரை எழுதியது இந்த முனையத்தில்தான். அந்த நான்கு விசைகளும் இன்றுவரை அந்த எடிட்டரில் அம்புகளாக வேலை செய்வதற்குக் காரணம் இதுவே.

1981ல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோதும் கண்ட்ரோல் அதே இடத்தில் இருந்தது. 1980களின் நடுவில் வந்த 101 விசைப் பலகையில்தான் அது கீழ் மூலைக்குத் தள்ளப்பட்டது. அதன் இடத்தில் கேப்ஸ் லாக் வந்து உட்கார்ந்தது. இடது சுண்டுவிரலுக்குக் கஷ்டகாலம் தொடங்கியது!

அந்த வரிசையின் புகழ்பெற்ற பலகை 'மாடல் எம்'. ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு சுருள்வில். அழுத்தினால் அது சட்டென்று மடங்கி 'டக்' என்று ஒலிக்கும். எழுத்து விழுந்ததை விரலும் காதும் ஒரே நேரத்தில் அறியும். இரண்டு கிலோவுக்கு மேல் எடை. கணினி விலை இறங்கியபோது கீபோர்டிலும் செலவு குறைக்கப்பட்டது. வில்லுக்குப் பதில் மலிவான ரப்பர் குமிழ் வந்தது. அதனால் பழைய மாடல் எம்-ஐப் பொக்கிஷமாக வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு.

அப்படியானால் கனமான, உறுதியான விசைதான் எல்லோருக்கும் நல்லதா? இல்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு 1990களின் நடுவில் கையில் கடுமையான வலி வந்தது. நாளின் பெரும்பகுதி ஒரே ஒரு விரலால்தான் தட்ட முடிந்தது. அவருக்காகத் தட்டச்சர்கள் அமர்த்தப்பட்டார்கள். சில ஆண்டுகள் கழித்துத்தான் காரணம் தெரிந்தது: விசைகள் மிகவும் கடினமாக இருந்தன! மென்மையாக அழுந்தும் பலகைக்கு மாறியதும் வலி பெரும்பாலும் நீங்கியது என்று அவரே எழுதியிருக்கிறார்.

அதே பத்தாண்டில் கைகளுக்கேற்ற பலகைகளும் வந்தன. 1994ல் மைக்ரோசாஃப்ட் நடுவில் பிளந்த 'நேச்சுரல்' பலகையை வெளியிட்டது. மணிக்கட்டை வளைக்காமல் தட்டுவதே அதன் நோக்கம். 1996ல் ஜப்பானியப் பேராசிரியர் எய்ட்டி வாடாவின் யோசனையில் 'ஹாப்பி ஹாக்கிங்' பலகை பிறந்தது. ஏறக்குறைய 60 விசைகள்தான். கண்ட்ரோல் மறுபடியும் 'ஏ'க்குப் பக்கத்தில்! குதிரையை விட்டுச் செல்லும் கௌபாய் கூட சேணத்தை விடமாட்டான், கணினி மாறினாலும் பலகை மாறக்கூடாது என்பது வாடாவின் வாதம்.

இந்தக் கதையிலிருந்து பலகை தேர்ந்தெடுப்பவருக்குக் கிடைப்பது என்ன? விலையோ புகழோ அளவுகோல் அல்ல. விசை அழுந்தும் கனம், மணிக்கட்டு நேராக இருக்கிறதா, அடிக்கடி தேவைப்படும் விசை எந்த விரலுக்கு எட்டுகிறது என்ற மூன்றையும் பார்த்தால் போதும். கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்ற மென்பொருள் அமைப்பே போதும், பைசா செலவில்லை. கீபோர்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கைகளை மாற்ற முடியுமா?