கவசத்தின் உள்ளே நின்றவர்கள்

தஞ்சைத் தரணியின் மெலட்டூரில் ஆண்டுதோறும் நடைபெறும் பாகவத மேளாவில், பிரகலாத சரித்திரம் ஆடும் இரவு தனிச் சிறப்புடையது. நரசிம்மராக வேடம் புனைபவர் அன்று உண்ணாநோன்பு இருப்பார். அவர் முகத்தில் ஏறும் சிங்கமுகம் கோயிலில் வைத்து வழிபடப்படுவது. வட தமிழகத்துத் தெருக்கூத்திலோ, இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து கிரீடமும் தோளணியும் மின்ன வெளிவருபவன் பகலில் ஏர் பிடித்தவனாக இருப்பான். இரவில் அவனே துரியோதனன். வேடம் என்பது நமக்கு என்றுமே வெறும் துணியும் வண்ணமுமாக இருந்ததில்லை.

இத்தகைய மரபில் வந்த நாம், ஜப்பானியர் கவசமும் முகமூடியும் பூண்டு அரக்கரோடு பொரும் படங்களைக் கண்டால் மட்டும் ‘குழந்தை விளையாட்டு’ என்று நகைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வது ஏனோ? யான் புகைவண்டித் துறையில் எழுத்தனாகப் பணிபுரிபவன். பள்ளியிறுதி வகுப்புக்கு மேல் படித்தவன் அல்லேன். ஆயினும் இப்படங்களின்பால் சிறு வயது முதல் எனக்குள்ள ஆர்வத்தால் அவற்றின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்து வந்துள்ளேன். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, பலரும் எழுதும் பொருளை விடுத்து இதனையே எழுதத் துணிந்தேன். அன்பர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

1954-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள், பசிபிக் மாகடலில் பிகினித் தீவருகே அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. அதன் நச்சுச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடி படகின்மேல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். செப்டம்பரில் அவர்களுள் ஒருவர், படகின் வானொலிப் பணியாளர், உயிர் துறந்தார். ஹிரோஷிமா, நாகசாகி நகரங்கள் எரிந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் நாள் தோஹோ நிறுவனத்தாரின் ‘கோஜிரா’ என்னும் படம் வெளியாயிற்று. உலகம் பின்னர் ‘காட்ஸில்லா’ என்று அழைத்த பூதம் அதுவே. அணுகுண்டால் துயில் கலைந்து கடலினின்றும் எழுந்து டோக்கியோவை மிதித்து அழிக்கும் அப்பூதத்தை, ஏறத்தாழ 96 இலட்சம் பேர் அரங்குகளில் சென்று கண்டனர். இன்று அதைச் சிரித்துக்கொண்டே பார்ப்போர் உண்டு. ஆனால் அன்று அவ்வரங்குகளில் அமர்ந்திருந்தோரில் தம் வீடு எரியக் கண்டவர் எத்தனை பேர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

படத்தை இயக்கியவர் ஹோண்டா இஷிரோ. பூதத்தைத் திரையில் உலவவிட்டவர் சுபுராயா எய்ஜி. அமெரிக்காவில் 1933-இல் ‘கிங்காங்’ படத்துக்குச் செய்தது போலப் பொம்மையை அணு அணுவாக நகர்த்திப் படம் பிடிக்க அவர்க்கு ஆசைதான். அதற்குக் காலமும் இல்லை, பணமும் இல்லை. எனவே ஒரு மனிதனுக்கு வேடம் கட்டி, அளவில் இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிய டோக்கியோவில் நடக்கவிட்டார். படப்பெட்டியை விரைவாக ஓட்டிப் பிடித்ததால், திரையில் அந்நடை மெதுவாகவும் மலைபோற் கனமாகவும் தோன்றியது. வறுமையில் பிறந்த உத்தி இது. ஒரு சீலையைத் திரையாக்கிக் குருக்ஷேத்திரத்தைக் கண்முன் நிறுத்தும் நம் கூத்தருக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

அந்த வேடத்துக்குள் நின்றவர் நகாஜிமா ஹருவோ என்பார். முதலில் செய்த உடையின் எடை ஏறத்தாழ 100 கிலோ. விளக்குகளின் வெப்பத்தில் சில நிமிடங்களுக்கு மேல் உள்ளே தாங்க இயலாது. பூதம் எவ்வாறு நடக்கும் என்று அவர்க்குச் சொல்லித்தர யாரும் இல்லை. கண்டவர் இருந்தாலன்றோ சொல்வதற்கு? ஆகவே அவர் டோக்கியோவின் உவேனோ விலங்குக்காட்சிச் சாலைக்குச் சென்று, யானையும் கரடியும் அடி எடுத்து வைக்கும் விதத்தை உற்று நோக்கிப் பயின்றார்.

இவ்விடத்தில் தில்லிவாழ் அன்பர்கள் சற்றே நிமிர்ந்து உட்காரலாம். போர்க் காலத்தில், 1943-இல், குண்டுவீச்சில் கூண்டுகள் உடைந்தால் ஆபத்து என்று அஞ்சி உவேனோவின் கொடிய விலங்குகளைக் கொல்ல ஆணை பிறந்தது. அங்கிருந்த மூன்று யானைகள் உணவின்றி விடப்பட்டு மாண்டன. போர் முடிந்தபின் டோக்கியோச் சிறுவர், எங்களுக்கு ஒரு யானை வேண்டும் என்று நம் பிரதமர் நேருவுக்குக் கடிதங்கள் எழுதினர். தில்லியில் அக்கடிதங்களைப் படித்த நேரு, மைசூர்ப் பகுதியிலிருந்து ஒரு பெண் யானையைத் தேர்ந்து, தம் மகளின் பெயரையே சூட்டி, இந்தியக் குழந்தைகளின் பரிசாக 1949-இல் கப்பலேற்றி அனுப்பினார். ஆக, 1954-இல் நகாஜிமா உவேனோவுக்குச் சென்றபோது அங்கே இந்திரா நின்றிருந்தாள். ஜப்பானிய பூதத்தின் நடையில் நம் தென்னாட்டு யானையின் அடியும் கலந்திருக்கிறது என்று எண்ணுவதில் எனக்கு ஒரு தனி இன்பம். 1957-இல் ஜப்பான் சென்ற நேருவும் அவளைக் கண்டு வந்தார். 1983-இல் இந்திரா இறந்தாள்.

பூதம் வந்தபின் அதனை அடக்க வீரனும் வரவேண்டும் அல்லவா? 1958 பிப்ரவரியில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘கெக்கோ காமென்’ என்னும் நிலவொளி முகமூடியான் தோன்றினான். வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கண்ணாடி, மோட்டார் சைக்கிள் ஆகியவையே அவன் அணிகலன். அவனைப் படைத்த கவாவுச்சி கோஹான் பௌத்தக் கோயிற் குடியில் பிறந்தவர். மருத்துவ புத்தரின் அருகில் நிற்கும் சந்திரப்பிரபர் என்னும் போதிசத்துவரே அவ்வீரனுக்கு மூலம். தன் வீரன் அறத்தின் வடிவமே அல்லன், அறத்தின் பக்கம் நிற்கும் துணைவனே என்பது அவர் கருத்து. இப்பணிவு எனக்கு மிகவும் பிடிக்கும். அவனைப் போலக் குதிக்க முயன்று காயமுற்ற சிறுவர் பற்றிய செய்திகளும் அக்காலத்திலேயே எழுந்தன. நம் தில்லியில் தொலைக்காட்சி தொடங்கியது 1959 செப்டம்பர் 15-இல்தான்; அதற்கு முன்பே டோக்கியோத் தாய்மார்க்கு இந்தக் கவலை வந்துவிட்டது.

1966-இல் வந்தது ‘அல்ட்ராமேன்’. சுபுராயாவின் நிறுவனம் எடுத்த இத்தொடரின் கதை எளியது. தொலைதூர விண்மீன் கூட்டத்திலிருந்து வந்த ஒருவன், தன்னால் உயிரிழந்த ஹயாத்தா என்னும் இளைஞனோடு ஒன்றாகக் கலந்து பூமியிலேயே வாழ்கிறான். ஆபத்து நேரும்போது மட்டும் பேருருவம் கொள்கிறான். அவ்வுருவில் மூன்று நிமிடங்களே நிற்க முடியும். காலம் தீரப்போனால் மார்பில் ஒரு விளக்கு சிவந்து துடிக்கும். அவனுடைய முகத்தில் இலேசான முறுவல் ஒன்று உண்டு. வரைந்தவரான நரித்தா தோரு, பழங்காலச் சிலைகளின் முறுவலை எண்ணியே அதனை அமைத்தார்.

இத்தொடரின் தலைமை எழுத்தாளர் கின்ஜோ தெத்சுவோ. இவரைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1938-இல் பிறந்த இவர் ஒகினாவாத் தீவினர். அத்தீவில் 1945-இல் நடந்த கொடும்போரைச் சிறுவனாகக் கண்டவர். போருக்குப் பின் ஒகினாவா 1972 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து டோக்கியோவுக்குப் படிக்கச் செல்லவும் பயண அனுமதிச் சீட்டு வேண்டும். சொந்த நாடு என்று சொல்லப்பட்ட நாட்டுக்குள் அயலானைப் போல நுழைந்த இளைஞர்தாம், அயல் உலகிலிருந்து வந்து இரண்டு பெயர்களோடு வாழும் வீரனின் கதையை எழுதினார். அலுவலகத்தில் இந்தியும் ஆங்கிலமும், படியேறி வீட்டுக்குள் நுழைந்ததும் தமிழும் பேசும் நமக்கு ஹயாத்தாவின் நிலை அத்தனை புதிதோ?

அடுத்து வந்த ‘அல்ட்ராசெவன்’ தொடரில், 1968-இல், அவர் எழுதிய ஒரு கதை இன்றும் பேசப்படுகிறது. கடலடியில் வாழும் நான்மால்ட் என்னும் இனத்தாரே பூமியின் பழங்குடிகள், மனிதர் பின்வந்து அவர்களை விரட்டியவர்கள் என்று ஒரு சிறுவன் எச்சரிக்கிறான். காவற்படையோ அவர்களுடைய நகரைத் தகர்த்துவிட்டு வெற்றி வெற்றி என்று கூவுகிறது. வீரன் யார், பகைவன் யார் என்று குழந்தைகளிடமே கேட்டுவிட்ட கதை அது. கின்ஜோ 1969-இல் ஊர் திரும்பினார். 1976-இல் 37-ஆம் வயதில் மறைந்தார்.

அல்ட்ராமேன் உடைக்குள் நின்றவர் ஃபுருயா பின் என்ற நெடிய இளைஞர். முகமே தெரியாத இவ்வேலை வேண்டாம் என்று விலக நினைத்திருந்த நாளில், பேருந்தில் சில சிறுவர் அல்ட்ராமேனைப் பற்றிக் கண்கள் ஒளிரப் பேசிக்கொண்டு வந்தனராம். அருகில் இருப்பவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அதன்பின் அவர் விலகவில்லை.

மீண்டும் கவாவுச்சி கோஹானிடம் வருவோம். அவர் 1972-இல் ‘ரெயின்போமேன்’ என்னும் வானவில் வீரனைப் படைத்தார். இவ்வீரன் வலிமை தேடி வந்து சேர்ந்தது நம் இந்தியாவுக்கே! இங்கே தேவதத்தர் என்னும் யோகியிடம் பயின்று ஏழு உருவங்களை எய்துகிறான். (புத்தருக்குப் பகைவனாக நூல்கள் கூறும் பெயரை நல்லாசானுக்கு ஏன் வைத்தாரோ!) அவ்வேழும் திங்கள், நெருப்பு, நீர், மரம், பொன், மண், ஞாயிறு என்பன. ஜப்பானியர் கிழமைகளின் பெயர்களும் இவையே: செவ்வாய் நெருப்புநாள், புதன் நீர்நாள், வியாழன் மரநாள், வெள்ளி பொன்நாள், சனி மண்நாள். கோள்களின் பெயரால் கிழமை வகுக்கும் இம்முறை, எட்டாம் நூற்றாண்டில் சீனத்தில் அமோகவச்சிரர் ஆக்கிய வானநூலின் வழியே ஜப்பானை அடைந்தது. அதனை 806-இல் கொண்டு சென்றவர் கூக்காய் என்னும் துறவி. அமோகவச்சிரரின் ஆசான் வச்சிரபோதியோ தென்னாட்டவர். காஞ்சிப் பல்லவர் அவையோடு தொடர்புடையவராகக் கூறப்படுபவர். வானவில் வீரனின் வேரைத் தோண்டினால் காஞ்சி மண் சிறிது கையில் ஒட்டுகிறது.

1974-இல் தாய்லாந்துக்காரர் ஒருவரும் சுபுராயா நிறுவனமும் சேர்ந்து, அனுமனும் அல்ட்ரா வீரர்களும் ஒன்றாகப் போரிடும் படம் ஒன்றையே எடுத்துவிட்டனர். அனுமன் வானில் பறக்க, அருகில் வெள்ளியும் சிவப்புமாக அல்ட்ரா வீரர்! பின்னாளில் உரிமை குறித்து இரு தரப்பாரும் பல நாட்டு நீதிமன்றங்களில் நெடுங்காலம் வழக்காடியது வேறு கதை.

1971-இல் வந்த ‘காமென் ரைடர்’, 1975-இல் வந்த ஐவர் படையான ‘கோரேஞ்சர்’ ஆகியவற்றை நம் பிள்ளைகளே என்னைவிட நன்கு அறிவர். அமெரிக்கர் 1993-இல் ‘பவர் ரேஞ்சர்ஸ்’ எடுத்தபோது, முகம் தெரியும் காட்சிகளுக்குத் தம் நாட்டு நடிகரை வைத்துக்கொண்டு, முகமூடிச் சண்டைகளில் பலவற்றை ஜப்பானியப் படத்திலிருந்தே எடுத்துக்கொண்டனர். உழைத்தவர் ஒருவர், முகம் காட்டியவர் வேறொருவர். கோப்பு எழுதும் என் போன்றோர்க்கு இது புரியாத செய்தி அன்று.

என் தலைமுறைத் தில்லிச் சிறுவர்க்கு இவ்வுலகின் வாயிலைத் திறந்தது 1980-களில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ‘ஜயண்ட் ரோபாட்’. ஜப்பானில் 1967-68-இல் 26 பகுதிகளாக வந்த தொடர் அது. ஆங்கிலம் பேசிக்கொண்டு நம்மை வந்தடைந்தது. ஜானி என்னும் சிறுவன் கைக்கடிகாரத்தில் பேசினால் மாபெரும் இயந்திர மனிதன் பறந்து வருவான். இரயில்வே குடியிருப்பில் கடிகாரம் இல்லாதவர்கள் மையால் மணிக்கட்டில் வரைந்துகொண்டு கட்டளை இட்டோம். கடைசிப் பகுதியில், வெடித்தால் பூமியையே அழிக்கக்கூடிய கில்லட்டின் என்னும் பகையரசனைச் சுமந்துகொண்டு இயந்திரன் விண்ணிற்குச் செல்கிறான். திரும்பி வா என்று ஜானி கதறுகிறான். அதுவரை ஒரு கட்டளையையும் மீறாதவன் அன்று மீறினான். விண்கல்லில் மோதித் தானும் அழிந்தான்.

பின்னர் 1997 முதல் 2005 வரை, ‘மகாபாரத’த்தில் பீஷ்மராக நடித்த முகேஷ் கன்னா ‘சக்திமான்’ ஆனார். யோகத்தால் ஆற்றல் பெற்ற உள்நாட்டு வீரன். அப்போதும் பிள்ளைகள் அவனைப் போல் செய்ய முயன்று துன்புற்றதாகச் செய்திகள் வந்தன. தம்மைப் பார்த்து அவ்வாறு செய்யலாகாது என்று கன்னாவே தொடரில் அறிவுரை கூறினார். ஆபத்து அயல்நாட்டு வேடத்தில் மட்டும் இருப்பதன்று என்பதற்காகவே இதனைச் சொல்கிறேன்.

நம் குடியிருப்பில் இப்போது ஒரு விவாதம் நடக்கிறது. ஆண்டு விழா மாறுவேடப் போட்டியில் பாரதியார், ஔவையார், கட்டபொம்மன் ஆகியோர்க்கு மட்டும் இடம் தரவேண்டும், அயல்நாட்டு முகமூடிகள் கூடா என்பர் பெரியோர் சிலர். அவர்தம் கவலையை யான் மதிக்கிறேன். இங்கே பிறந்து வளரும் பிள்ளை, தெருக்கூத்தைக் கண்ணால் காணாமலே பெரியவனாகிவிடுகிறான் என்பது உண்மை. ஆனால் அப்பிள்ளையைக் கூத்தினிடம் அழைத்துச் செல்ல, அட்டையும் வெள்ளித்தாளும் ஒட்டி அவனே செய்த அல்ட்ராமேன் கவசத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வேடத்துள் வியர்ப்பது எப்படி இருக்கும் என்பதை அவன் முன்பே அறிந்துவிட்டானே! கவசத்தைத் தடைசெய்தால் அவன் கட்டபொம்மனாக வரப்போவதில்லை, வீட்டிலேயே இருந்துவிடுவான்.

நகாஜிமா 1972 வரை காட்ஸில்லா உடையில் நடித்தார். அதன்பின் நிறுவனம் அவரைத் தன் பந்துருட்டு விளையாட்டுக் கூடம் ஒன்றில் வேலைக்கு அமர்த்தியது. அங்கு ஆட வந்தோரில் எத்தனை பேர் அவரை அறிந்திருப்பர்? முதுமையில்தான் பல நாட்டு அன்பர்கள் அவரை அழைத்துப் பாராட்டினர். 2017 ஆகஸ்டு 7-ஆம் நாள், தம் 88-ஆம் வயதில் அவர் காலமானார்.

ஆகவே செயலாளர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டுப் போட்டியில் எந்த வேடமாயினும் வரட்டும். மேடையில் ஒவ்வொரு பிள்ளையும் முகமூடியைக் கழற்றிய பின்னர், வேடத்தின் பெயரோடு பிள்ளையின் பெயரையும், உடையைத் தைத்துத் தந்தவர் பெயரையும் ஒலிபெருக்கியில் உரக்கப் படிக்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். பட்டியல் எழுதும் வேலையை யானே ஏற்றுக்கொள்கிறேன்.