'தாத்' என்னும் நோய்ப்பெயர்: ஒரு வகைப்பாட்டின் வரலாறு

இந்திய மருத்துவமனைகளின் புறநோயாளர் பிரிவில் நெடுங்காலமாகக் கேட்டுவரும் முறையீடு ஒன்று உண்டு. இளைஞர் ஒருவர் உடற்சோர்வு, உறக்கமின்மை, கவனக்குறைவு ஆகியவற்றைச் சொல்கிறார். காரணம் கேட்டால், சிறுநீரோடு தம் 'தாது' வெளியேறுவதாகக் கூறுகிறார். சோதனையில் பெரும்பாலும் ஏதும் தென்படுவதில்லை. 1960இல் மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக் இந்நிலைக்குத் 'தாத் நோய்க்குறித்தொகுதி' எனப் பெயரிட்டார். நோயாளியின் வாய்ச்சொல்லே நோயின் பெயரானது.

அச்சொல்லின் பின்னே நீண்ட மரபு நிற்கிறது. உடலை ஏழு தாதுக்களால் ஆனதென்று ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் கொள்கின்றன. அவ்வரிசையின் இறுதியில் வருவது சுக்கிலம். நாற்பது துளிக் குருதியிலிருந்து ஒரு துளி மச்சையும், நாற்பது துளி மச்சையிலிருந்து ஒரு துளி விந்தும் உருவாகின்றன என்னும் கணக்கு மக்கள் வழக்கில் பரவியிருக்கிறது. இக்கணக்கை நம்பும் ஒருவருக்கு இரவில் தானே நிகழும் விந்து வெளிப்பாடுகூட உயிர் கரைவதன் அறிகுறியாகிவிடுகிறது.

விக் இட்ட பெயர் பின்னர் உலகளாவிய வகைப்பாடுகளில் நுழைந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய் வகைப்பாடு அதனை எஃப் 48.8 என்னும் எண்ணின் கீழ் வைத்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடோ, 1994ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில், 'பண்பாட்டுக்குட்பட்ட நோய்க்குறித்தொகுதிகள்' என்ற பின்னிணைப்பில் அதனைச் சேர்த்தது. ஆக, இந்திய இளைஞரின் துயரம் நூலின் உடலில் அன்றி அதன் வாலில் இடம்பெற்றது.

ஆனால் விந்திழப்பு அச்சம் இந்தியாவுக்கு மட்டும் உரியதா? 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், லொசான் நகர மருத்துவர் திசோ, விந்திழப்பு உடலையும் அறிவையும் அழிக்கும் என்று எழுதிய நூல் ஐரோப்பாவெங்கும் பரவியது. ஓர் அவுன்சு விந்தை நாற்பது அவுன்சு குருதிக்கு ஈடாக்கும் கணக்கு அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அங்கும் அதே நாற்பது! 1830களில் பிரெஞ்சு மருத்துவர் லாலமான் தானே நிகழும் விந்திழப்பைத் தனி நோயாகவே விரித்துரைத்தார். 'ஸ்பெர்மட்டோரியா' என்ற பெயரில் அது விக்டோரியா கால இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது, சிகிச்சையும் பெற்றது. நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கர் ஜார்ஜ் பியர்டு பரப்பிய 'நரம்புத்தளர்ச்சி'யும் இவ்வச்சத்தை உள்வாங்கிக்கொண்டது.

2004இல் சுமதிபால, சிரிபத்தன, புக்ரா ஆகிய மூவர் பிரித்தானிய மனநல மருத்துவ இதழில் இவ்வரலாற்றைத் தொகுத்து, 'பண்பாட்டுக்குட்பட்டது' என்ற அடைமொழியையே கேள்விக்குட்படுத்தினர். ஐரோப்பாவில் இருந்தபோது அது வெறும் நோய். அங்கு மறைந்து இங்கு எஞ்சியபோது அது பண்பாடு.

எஃப் 48.8 என்ற அந்தப் பெட்டியே இதற்குச் சான்று. 'இதர நரம்பியக் கோளாறுகள்' என்ற அப்பிரிவில் தாத்தின் பக்கத்திலேயே பிரெஞ்சு அறிஞர் பியேர் ஜானேயின் பெயரோடு இணைந்த 'சைக்கஸ்தீனியா' இருக்கிறது. எழுத்தர்களின் கைப்பிடிப்பும் இருக்கிறது. எழுத்தர் என்னும் தொழிலே இல்லாத சமூகத்தில் எழுத்தர் கைப்பிடிப்பு ஏது? ஆயினும் அதனை எவரும் ஐரோப்பியப் பண்பாட்டு நோய் என்று அழைத்ததில்லை.

இதனால் விக்கின் பணி பிழையென்று ஆகிவிடாது. 'தாத்' என்ற பெயர் இல்லாதிருந்தால் அந்நோயாளிகள் ஏளனத்துக்கு ஆளாகியிருப்பர், அல்லது 'ஒன்றுமில்லை' என்று திருப்பியனுப்பப்பட்டிருப்பர். நோயாளி எதை நம்பி அஞ்சுகிறார் என்பதை அறியாமல் அவரைத் தேற்ற இயலாது என்பதை அப்பெயர் மருத்துவருக்கு உணர்த்திற்று. அதே வேளையில், இவர்களுள் கணிசமானோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் காணப்படுகின்றன. மருத்துவர் தாத்தை மட்டும் பார்த்தால் மனச்சோர்வு தவறிப்போகும்; மனச்சோர்வை மட்டும் பார்த்தால் மாத்திரைச் சீட்டோடு வெளியேறும் இளைஞரின் அச்சம் அப்படியே இருக்கும். அவர் அடுத்துச் செல்லும் இடம் 'இழந்த சக்தி'யை மீட்டுத்தருவதாக விளம்பரம் செய்யும் விடுதி அறை. பாலின்ப ஆற்றலைப் பெருக்குவதாகக் கூறும் மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தும் அச்சுவரொட்டிகள் மறையவில்லை.

பெட்டிக்கு வெளியே நின்றவர்களும் உண்டு. வெள்ளைப்படுதலால் உடல் உருகுவதாகக் கூறி, அதே சோர்வோடு வரும் பெண்களை இந்திய ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். ஆயினும் ஆணின் அச்சம் பெற்ற எண்ணைப் பெண்ணின் அச்சம் பெறவில்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, மனநோயைத் தீர்மானிக்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு உள்ளிட்ட, ஏற்கப்பட்ட மருத்துவத் தரங்களைப் பின்பற்றுமாறு பணிக்கிறது. அதே பிரிவு, ஒருவர் சார்ந்த பண்பாட்டுக் குழுவை அடிப்படையாகக் கொண்டு மனநோயைத் தீர்மானிக்கலாகாது என்றும் விலக்குகிறது. ஆகவே வகைப்பாடு இன்று மருத்துவரின் குறிப்பேட்டோடு நின்றுவிடுவதன்று. அது சட்டத்தின் மொழியுமாகும். அந்த அட்டவணையின் வரிசைகளை வகுத்தவர் யார், எந்த நூற்றாண்டில், யாருடைய உடலைப் பொதுவென்று கொண்டு வகுத்தார் என்று கேட்பது வரலாற்று மாணவருக்கு மட்டும் உரிய வினா அன்று.