நாதஸ்வரக்காரர் மகன் எடுத்த சாக்ஸபோன்

பெட்டாலிங் ஜெயாவில் நம்ம கோயில் மண்டபத்துல ஒரு தம்பி சாக்ஸபோன் பழகுறார். "வெள்ளக்காரன் வாத்தியம், சன்னிதியில எதுக்கு?" என்று சிலர் கேட்டார்கள். திருவிழாவில் வாசிக்க விடலாமா என்று நிர்வாகக் கூட்டத்திலும் பேச்சு வந்தது. எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்.

பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை வாங்கியது, உண்மைதான். ஆனா அதைக் கர்நாடக சங்கீதத்தில் நிலைநிறுத்திய கத்ரி கோபால்நாத் யார்? 1949இல் மங்களூர்ப் பக்கம் பிறந்தவர். அப்பா தனியப்பா நாதஸ்வர வித்துவான். மகனும் முதலில் பழகியது நாதஸ்வரம்தான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டதும் மனசு அங்கே போய்விட்டது.

சிக்கல் எங்கேன்னா, நாதஸ்வரத்தில் துளையை விரலால் பாதி மூடி கமகம் கொண்டுவரலாம். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவி இருக்கு. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக உதடும் மூச்சும்தான் பெரும்பாலும் உழைக்கணும். ரீடை அழுத்திக் கடித்தால் கீச்சென்று ஏறும், தளர்த்தினால் சுருதி இறங்கும். இது கைவர அவருக்கே ஏறக்குறைய 20 வருஷம் ஆச்சாம். சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணன் அவர்களிடமும் பாடம் கேட்டார்.

1994இல் லண்டன் பிபிசி ப்ராம்ஸ் விழாவில் வாசித்தார். அதே வருஷம் வந்த 'டூயட்' படத்தில் நாம் எல்லாரும் கேட்டதும் அவர் வாசிப்புத்தான். 2004இல் பத்மஸ்ரீ. 2019இல் மறைந்தார்.

தம்பி இப்போ ஷட்ஜம் ஒன்றையே நீளமா ஊதிக்கிட்டு இருக்கார். சாயங்கால பூஜைக்கு முன்னால முடிச்சிடுவார், கொஞ்சம் பொறுத்துக்குங்க.